ராக்கெட் இறங்கிய வருஷமும் என் பள்ளமும்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றை நிலா வருஷம் என்றுதான் எங்கள் தெருவில் இன்னும் சொல்கிறார்கள். அந்த வருஷம் நடந்தது நிறைய. ஜூன் மாதம் ஒடிசாவில் ரயில்கள் மோதி ஏராளமான பேர் செத்தார்கள். அதில் ஒன்று எங்கள் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்காமல் கடக்கிற ரயில். அதன் சத்தம்தான் நேரக் கணக்கு, கேட்டதும் ஏரியில் இறால் பிடிக்கிற பெண்கள் நாங்கள் கரையேறுவோம். சில நாள் அந்தச் சத்தம் வரவில்லை. நவம்பரில் உலகக் கோப்பை கைக்கு வந்து போனது. டிசம்பரில் சென்னையே மூழ்கியது. இதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த வருஷம் என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது என் ஓரகத்தியின் முகம்.

அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து இருவரும் சேர்ந்தே, கடலோடு கலக்கிற எங்கள் உப்பு ஏரியில் இறங்குவோம். எங்களுக்கு வலை கிடையாது. தண்ணீரில் முட்டி போட்டு, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் பேச முடியாது. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். கரையில் வியாபாரியிடம் பேச வேண்டியதை அக்கா பேசிவிடுவாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன்.

கோடையில் ஏரி வற்றிவிடும். அப்போது இறால் எங்கே ஒதுங்கும் என்று தெரிந்தவள்தான் மழை வரும்வரை வீட்டில் அடுப்பெரிக்க முடியும். பழைய ஓடை ஏரியில் விழுகிற வாய்ப்பக்கம் சேற்றுக்கடியில் ஒரு பள்ளம் இருந்தது. நான் தற்செயலாகக் கை வைத்துக் கண்டுபிடித்தது. ஒருத்தி கண்டுபிடித்த இடத்தை மற்றவர்கள் கேட்கக் கூடாது என்பது எங்கள் பெண்களிடையே வழக்கம். அவளாகக் கூட்டிப்போனால் உண்டு. நான் அக்காவை மட்டும் கூட்டிப்போனேன்.

ஜூலையில் நிலாவுக்கு ராக்கெட் விட்ட அன்று படகுகள் எதுவும் இறங்கக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். ராக்கெட் ஏறுவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, எங்களுக்கு ஏரியின் அக்கரை. அதைப் பார்க்கக் காரிலும் பைக்கிலும் ஜனம் வந்து குவிந்தது. மேகத்துக்குள் அது மறைந்த பிறகும் இடி மாதிரி சத்தம் தண்ணீர்மேல் உருண்டு வந்தது. கூட்டம் கலைந்தபோது ஒரு யூடியூப்காரர் மட்டும் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ராக்கெட்ட பாத்து இன்னா ஆவப்போவுது தம்பி, எங்க கைய பாரு. அதுதான் எங்க மிஷினு," என்றாள் அக்கா.

"வீடியோ எடுக்கலாமாக்கா?"

"எடேன். மொதல்ல சொல்லிட்டு வா, நல்ல பொடவையா கட்டிக்கிறேன். இவள எடுக்காத, இவ கேமராவ பாத்தா முள்ளுச்செடிக்குள்ள பூந்துக்குவா."

நானும் சிரித்தேன். அடுத்த வாரம் என்னைப் பெற்ற நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிறந்த வீட்டுக்கு, எளாவூருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வீடியோ எடுத்ததைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்டில் ராக்கெட் நிலாவில் இறங்கிய சாயங்காலம், தெருவில் பெரிய டிவி இருந்த வீட்டில் எல்லாரும் கூடினோம். திரையில் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீதியும் தட்டியது. எனக்குக் கூட கண் கலங்கியது. லட்டு கொடுத்தார்கள். அப்போது அந்த வீட்டுக்காரர், "நம்ம ஊரு ஸ்டாரையும் பாருங்கப்பா," என்று தன் போனிலிருந்து அந்த யூடியூப்காரர் எடுத்த வீடியோவை டிவியில் போட்டார்.

அக்கா முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு வளைந்த பனை, அதற்கு நேராக ஓடையின் மதகு. வெளியூர்க்காரனுக்கு அது ஒரு மரமும் கொஞ்சம் தண்ணீரும். ஏரியில் பெயர்ப்பலகை கிடையாது. கரையில் இரண்டு அடையாளத்தை நேர்கோட்டில் பிடித்துத்தான் நாங்கள் ஒரு இடத்தைக் கண்டுகொள்வோம். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது எந்த இடம் என்று தெரிந்துவிட்டது.

"இங்க இறால் இருக்குன்னு எப்படிக்கா தெரியும்?" என்று வீடியோவில் அவர் கேட்டார்.

"நான் கண்டுபுடிச்ச எடம் தம்பி. வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"இப்ப தெரிஞ்சிபோச்சே யக்கா," என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. லட்டு என் கையிலேயே பிசுபிசுத்தது.

மறுநாள் காலையில் ஓடை வாயைச் சுற்றி, வீடியோவைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள் வலை கட்டியிருந்தார்கள். கண் சிறுத்த வலை, குஞ்சைக்கூட விடாது. சில நாளில் பள்ளத்தில் கை வைத்தால் வெறும் சேறு. மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

கரையில் வைத்து அவளிடம் கேட்டேன். "எதுக்குக்கா காட்டின?"

"இன்னாமே காட்டிட்டேன்? எடத்து பேர சொன்னனா?"

"பனையும் மதகும் நேரா தெரியுதே."

"அத வெச்சி கண்டுபுடிக்க வீடியோ பாக்கறவன் இன்னா ஏரிலயே பொறந்தவனா?"

"பாத்தது நம்ம ஏரில எறங்கற ஆளுங்கக்கா."

அவள் முந்தானையைப் பிழிந்தாள். பிறகு, "நீ கண்டுபுடிச்சன்னு சொன்னா நீ வந்து பேசிருப்பியா?" என்றாள். "இத்தன வருசத்துல ஒரே ஒருத்தன் வந்து நீ இன்னா பண்றன்னு கேட்டான்மே. அதுவும் ஒனக்கு பொறுக்கல."

பறியை எடுத்துக்கொண்டு நடந்தேன். நான் பேசமாட்டேன் என்றால் என் இடம் உன்னுடையது ஆகிவிடுமா என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான் அது தோன்றியது. திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு தனியாக இறங்கினேன். ஒருமுறை திருக்கை மீனின் முள் காலில் ஏறியபோது நானே பிடுங்கிக்கொண்டு, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தேன். வியாபாரியிடம் வாய் திறக்கவும் பழக வேண்டியிருந்தது. முதலில் அவர் சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டினேன்.

டிசம்பர் புயலில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஓடை வேறு பக்கம் வெட்டிக்கொண்டு ஓடியது. பழைய பள்ளம் மண்ணால் மூடிவிட்டது. வலைக்காரர்களும் போய்விட்டார்கள். பொங்கல் கழிந்து ஒருநாள், கோரைப்புல்லுக்கு அப்பால் மெத்தென்ற சேற்றில் என் கை புதைந்தது. அள்ள அள்ள இறால். நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் கூட.

அக்கா அதை என் பறியைப் பார்த்தே கண்டுகொண்டிருக்க வேண்டும். ஒரு காலையில் நான் இறங்கியபோது பின்னால் தண்ணீர் சலசலத்தது. பழையபடி பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். இளைத்திருந்தாள்.

நான் கோரைப் பக்கம் திரும்பவில்லை. கெட்டி மணலாகக் கிடக்கும் மேட்டுப் பக்கம் நடந்தேன். அங்கே ஒன்றும் கிடைக்காது என்பது ஏரியில் இறங்கும் யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் திரும்பிப் போகவில்லை. என் பக்கத்தில் முட்டி போட்டாள். வெயில் ஏறும்வரை இருவரும் அந்த மணலைத் துழாவினோம்.

கரையேறியதும் அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இங்க ஒண்ணுமே இல்லியேமே," என்றாள்.

"ஆமாக்கா, இல்ல," என்றேன்.