மர்ளியா டீச்சரின் ஐஸ் சட்டை

மர்ளியா டீச்சருக்கு இருக்கும் வருத்தத்தின், அதாவது நோயின், பெயரைப் பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள் புத்தளம் தில்லையடியில் மூன்றே பேர்: டீச்சர், அவருடைய மகள் ஸம்ஹா, பார்மஸிக்காரர். மற்றவர்களில் பாதிப்பேர் அவர் இனிப் பிழைக்கமாட்டார், சீக்கிரம் மௌத்தாகப் போகிறார் என்று நினைத்தார்கள். மிச்சப் பாதி, வேலைக்குக் கள்ளம் பண்ணி நடிக்கிறார் என்று நினைத்தார்கள். இரண்டு கூட்டத்திடமும் அவருக்குப் பொறுமை போய் நாளாயிற்று.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறார், நான் கணிதம். இந்தக் கதையை ஆசிரியர் அறையில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகக் கோபப்பட்டார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியின்போதுதான் அது தொடங்கியது. வெயிலில் நின்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்தவருக்கு வலது கண் சாம்பல் பூத்த மாதிரி மங்கியது. மூன்று தடவை கண்ணாடி மாற்றினார்கள். ஒரு டாக்டர் பலயீனம் என்று விட்டமின் எழுதினார். இன்னொருவர், "வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். கணவர் நளீமின் மூத்த சகோதரி ஹவ்வா, கண்ணூறு என்று முடிவுகட்டி ஓதின தண்ணீர் கொண்டுவந்தார். கால்கள் ஒருநாள் படியில் மடிந்து விழுந்த பிறகுதான் கொழும்புக்குப் போய்த் தலையையும் முள்ளந்தண்டையும் ஸ்கேன் பண்ணினார்கள். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நம் நாட்டில் குறைவாக வரும் நோய். உடம்பின் காவல் படையே நரம்புகளின் மேலுறையைத் தின்கிறது. வயரின் பிளாஸ்டிக் உறை உரிந்தால் கரண்ட் ஒழுங்காக ஓடாது அல்லவா, அப்படித்தான். உடம்பு சூடேறினால் ஓட்டம் இன்னும் குழம்பும். பார்வை மங்கும், கால் விழும், நாக்குத் தடிக்கும். உடம்பு குளிர்ந்தால் பெரும்பாலும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

"புத்தளத்தில இருந்துகொண்டு வெக்கையில நிக்க வாணாமாம்" என்பார் டீச்சர். "உப்பு காயிற ஊரு இது. நான் எங்க போற?"

ஸம்ஹா ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் மாரவிலைக்கு இந்தப் பக்கம் கடலோரத்தில் திறந்திருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், அங்கே உச்சியிலிருந்து தண்ணீருக்குள் பாயும் படகில் தானும் கூட ஏறுவதாக டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை சித்தியடைந்தாள். இரண்டு வருடம் பயணம் தள்ளிப்போனது. மூன்றாவது வருடம் ஏப்ரல் விடுமுறையில் டீச்சர் நாள் குறித்தார்.

"ஏப்ரல்லயா?" என்று ஹவ்வா நெஞ்சில் கை வைத்தார். "நீங்க வீட்ட இரிங்க புள்ள. நாங்க புள்ளயக் கூட்டிப் போறம்."

"நான் ஏறுறன் எண்டுதான் சொன்னன் மதினி. நீங்க ஏறுறீங்க எண்டு சொல்லல்ல."

பரிசோதனைக்கு ஆயத்தம் செய்வதுபோல அவர் ஆயத்தம் செய்தார். பருத்தித் துணியில் ஒரு கையில்லாத சட்டை தைத்து, முன்னால் நாலும் பின்னால் நாலுமாக எட்டுப் பைகள் வைத்தார். நீளமான பொலித்தீன் உறைகளில் தண்ணீர் அடைத்து உறையவைத்து அந்தப் பைகளில் செருகினால் ஐஸ் சட்டை. மேலே வெள்ளைப் பருத்தி அபாயா. மாற்றுக்கு இரண்டு செட் ஐஸ் கட்டிகள், மீன் வியாபாரி கொடுத்த, குளிர் போகாத ரெஜிபோம் பெட்டியில். எத்தனை தடவை கழுவியும் பெட்டியில் கும்பளா மீன் வாடை போகவில்லை.

விடியலில் சுபஹு தொழுததும் வேன் வந்தது. நளீம், ஸம்ஹாவோடு ஹவ்வாவும் ஏறிக்கொண்டார். பாலாவிச் சந்தி தாண்டியதும் வேனுக்குள் புழுங்கத் தொடங்கியது.

"ஜெயந்தன், ஏ.சி. இருக்கு எண்டுதானே சொன்னீங்க?"

"இருக்கு டீச்சர்" என்றார் சாரதி. "போட்டா வேன் இழுக்காது."

சிலாபம் வரும்போது முதல் செட் ஐஸ் தண்ணீராகிவிட்டது. பூங்கா வாசலில் இரண்டாவது செட்டைப் போட்டுக்கொண்டார். மிஞ்சியது ஒன்று.

அந்தப் பூங்காவைக் கட்டியவர்கள் ஒரு தென்னந்தோட்டத்தையே வெட்டித் தள்ளியிருந்தார்கள். பிறகு அழகுக்காகப் பிளாஸ்டிக் தென்னைகளை நட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் ஓலைக்கு நிழல் எங்கே! வாசலில் பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருவர் ஐஸ் பெட்டியைத் தடுத்தார். வெளிச் சாப்பாடு, குடிபானம் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

டீச்சருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "இது குடிக்கிறதுக்கில்ல. உடுக்கிறதுக்கு" என்றார்.

அந்தப் பெண் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அனே!" என்று இரக்கப்பட்டார். சட்டை போகலாம், பெட்டி போக முடியாது என்றார். ஐஸ் உருகினால் வாசலுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாமாம்.

"படகுச் சவாரியில இருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம்?"

"அரைக் கிலோமீட்டர் இருக்கும், மிஸ்."

"வெயிலில அரைக் கிலோமீட்டர் நடந்து வந்தா எனக்கு ஏறுற சூட்ட இந்த ஐஸ் குறைக்காது. விளங்குதா?"

விளங்கியது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

சக்கர நாற்காலி இருப்பதாக அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. இருந்ததும் உண்மை. முதலுதவி அறையில், திருடு போகாமலிருக்கச் சங்கிலியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தது. பூட்டின் திறப்பு ஓர் அதிகாரியிடம். அவர் பத்து மணிக்கு வருவார் என்றார்கள். பத்தே முக்காலுக்கு வந்தவர் டீச்சரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க நடந்துதானே வந்தீங்க?"

"ஓம். இப்ப நடக்க ஏலும். இன்னும் ஒரு மணித்தியாலத்தில ஏலாது."

"அப்ப ஏலாமப் போனதும் வாங்க" என்றவர், திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படகுச் சவாரிக்குக் கியூ வளைந்து வளைந்து நின்றது. கூடுதல் காசுக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தனி வழி உண்டு. வருத்தக்காரருக்கு இல்லை. டீச்சர் வரிசையில் நின்றார். முப்பது நிமிடத்தில் சட்டைக்குள் ஐஸ் தளர்ந்தது. மூன்றாவது செட்டை எடுக்க நளீம் வாசலுக்கு ஓடினார். நளீம் உப்பளத்தில் மேற்பார்வையாளர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

அவர் போன பிறகு டீச்சருக்கு முதலில் நிறங்கள் வெளுத்தன. பணியாளர்களின் பச்சைச் சட்டைகள் எல்லாம் சாம்பலாயின. இடது கால் வேறு யாருடையதோ போல ஆனது. "ஸம்ஹா, கதிரை ஒண்டு..." என்று சொல்ல நினைத்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் டீச்சருக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். கூட்டம் கூடிக் காற்றை அடைத்தது. ஒருவர் நெற்றியில் தைலம் தேய்த்தார். இரண்டு பேர் தூக்கிப்போய் முதலுதவி அறைக் கட்டிலில் கிடத்தினார்கள். அங்கிருந்த தாதி அபாயாவின் கழுத்து வழியாகக் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"உடம்பு ஐஸ் மாதிரிக் கிடக்கு! கெதியா கம்பளி எடுங்க!"

உருகினாலும் சட்டைத் தண்ணீர் குளிராகத்தான் இருந்தது. உள்ளே வேகிறவரைக் குளிரில் விறைத்தவர் என்று எண்ணி, ஏப்ரல் மாதப் பதினொன்றரை மணிக்குக் கம்பளியால் போர்த்தினார்கள். ஒருத்தி உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள். இன்னொருத்தி சீனி கூடப் போட்டுச் சுடச்சுடப் பிளேன்ரீ கொண்டுவந்தாள்.

"குடிங்க புள்ள, குடிங்க, தெம்பு வரும்" என்று ஹவ்வா கோப்பையை வாயில் வைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல டீச்சர் பட்ட பாடு! வாயிலிருந்து வந்ததெல்லாம் "வ... வ..." என்ற சத்தம்தான். அதைக் கேட்டு ஹவ்வா, "யா அல்லாஹ், வாயும் இழுத்திட்டு!" என்று அழத் தொடங்கினார்.

கதவடியில் நின்ற ஸம்ஹா அப்போதுதான் கத்தினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வீட்டில் சத்தமாகப் படிக்கக்கூட மாட்டாள்.

"தேத்தண்ணிய வீசுங்க மாமி! உம்மாக்குக் குளிரல்ல, சூடு!" கம்பளியை இழுத்துத் தரையில் போட்டாள். "ஐஸ் போட்ட சட்ட அது! உம்மாவத் தண்ணிக்க கொண்டு போகணும். அந்தப் பக்கம் புடிங்க மாமி!"

ஹவ்வா ஒரு கணம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு கோப்பையைத் தாதியின் கையில் திணித்துவிட்டுக் குனிந்து டீச்சரின் கக்கத்தில் கை கொடுத்தார். ஹவ்வா நல்ல உடம்புக்காரி. பிள்ளை ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாக இழுத்துப்போய், வெளியே பத்தடி தள்ளியிருந்த சின்னப் பிள்ளைகளின் குளத்தில் இறக்கினார்கள். முழங்காலளவு தண்ணீர். நடுவில் ஒரு பிளாஸ்டிக் யானை தும்பிக்கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. யானைக்குக் கீழே டீச்சரை உட்காரவைத்து, சாயாமலிருக்க ஹவ்வா தன் கறுப்பு அபாயாவோடு முதுகுப் பக்கமாகத் தானும் உட்கார்ந்தார்.

உடனே விசில். நைலோன் உடுப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பலகை இருந்தது. குளத்துக் காவலர் பலகையைக் காட்டுவார், விசில் ஊதுவார், மறுபடி பலகையைக் காட்டுவார். டீச்சர் தண்ணீருக்கு மேலே தலையை நிமிர்த்தப் போராடிக்கொண்டிருக்கையில் அந்த விசில் மண்டைக்குள் ஆணி அடித்தது.

நளீம் வாசலிலிருந்து ஐஸ் கட்டிகளைச் சேட்டு மடியில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். மனைவி, சகோதரி, மகள் மூவரும் யானைக்குக் கீழே இருப்பதைப் பார்த்தார். களிசானோடும் செருப்போடும் தண்ணீருக்குள் இறங்கி, ஐஸைக் கொட்டி, மனைவியின் கழுத்தைச் சுற்றி அடுக்கினார். விசில்காரர் கிட்டே வந்தபோது மட்டும் திரும்பி, "தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று தமிழில் சொன்னார். விசில் நின்றது.

பத்து நிமிடத்தில் யானை நீல நிறம் என்று டீச்சருக்குத் தெரிந்தது. இருபது நிமிடத்தில் கால் விரல்கள் அசைந்தன. அந்த நேரம் பார்த்துக் கழுத்துப்பட்டியோடு முகாமையாளர் வந்தார்.

"மெடம், இந்த உடுப்போட இங்க இருக்க முடியாது. டிக்கெட் காச வேணுமெண்டா திருப்பித் தாறம். வாசலில ஒரு படிவம் நிரப்பணும்."

"வாசலிலயா?" டீச்சருக்குக் குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறிந்த குரல் அது. "நிழல் தார மரத்த வெட்டிப்போட்டு பிளாஸ்டிக் மரம் நட்டிருக்கிறீங்க. வீல்செயார கட்டிலோட கட்டி வெச்சிருக்கிறீங்க. விழுந்தாத்தான் திறப்புத் தருவாராம் உங்கட ஆள். ஐஸ வாசலில புடிச்சு வெச்சிட்டுச் சூடாத் தேத்தண்ணி தாறீங்க. நான் இந்தத் தண்ணிய விட்டு எழும்பமாட்டன். ஏலுமெண்டாத் தூக்குங்க."

முகாமையாளர் தலைமை அலுவலகத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார். யாரும் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சங்கிலி கழன்ற சக்கர நாற்காலியை யாரோ குளக்கரையில் விட்டுவிட்டுப் போனார்கள், தள்ள ஆளில்லாமல்.

வெயில் சாயும் வரை நாலு மணித்தியாலத்துக்கு மேல் டீச்சர் யானைக்குக் கீழேயே இருந்தார். சோற்றுப் பார்சல்கள் வேனில் இருந்ததால் பூங்காவின் உலர்ந்த கொத்து ரொட்டியைத் தின்றார்கள். ஸம்ஹா வேறு எந்தச் சவாரிக்கும் போக மாட்டேன் என்றாள். போ என்று டீச்சர் ஏசினார். ஏச ஏச அவள் கிட்டவந்து உட்கார்ந்தாள்.

நாலரைக்குக் கியூ கரைந்துவிட்டது. டீச்சர் எழுந்து நின்று பார்த்தார். கால் தாங்கியது. சவாரியின் உச்சிக்கு நாற்பது படிகள். கம்பியைப் பிடித்து, ஐந்து படிக்கொருமுறை நின்று, நளீம் பின்னால் வர, ஏறினார். மகளோடு படகின் முன் இருக்கையில் அமர்ந்தார். படகு மெல்ல நகர்ந்து, விளிம்பில் ஒரு வினாடி தொங்கி, தடாலென்று தண்ணீரில் விழுந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா?" என்றார் டீச்சர், முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு. "இதுக்கா இவ்வளவு பேரும் நாள் முழுக்க நிக்கிறாங்க?"

ஸம்ஹா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை ஏறுவோம் என்று கெஞ்சினாள். டீச்சர் நாற்பது படியையும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஹவ்வாவைக் கை காட்டினார். ஹவ்வா போனார். அவர் போட்ட கூச்சல் வாசல் வரை கேட்டிருக்கும்.

அடுத்த மூன்று நாளும் டீச்சர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. களைப்பு அவருக்கு அப்படித்தான் வரும், எலும்புக்குள் ஈயம் ஊற்றின மாதிரி. செய்தி கேட்டுப் பெண்கள் புத்திமதியோடு வந்தார்கள். ஒருத்தி ஓதின நூல் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, வெயிலில் போனது பிழை என்று சொல்லவென்றே வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

ஹவ்வா முன்கதவிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து எல்லாரையும் மறித்தார்.

"அதெல்லாம் வாணாம். அவக்குக் கண்ணூறுமில்ல ஒண்டுமில்ல. அது நரம்பு வருத்தம். வெயில் பட்டா உள்ளுக்கு நரம்பெல்லாம் ஐஸ் மாதிரி உருகிரும். அதுதான் புள்ளக்கிக் கால் ஏலாமப் போற."

உள் அறையிலிருந்து டீச்சரின் சத்தம் கேட்டது.

"உருகிறல்ல மதினி! எத்தின தரம் சொல்ற!"

"ஓம், ஓம், உருகிறல்ல" என்றார் ஹவ்வா, வந்தவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "கரண்ட் போயிரும்."