விஜிலா அக்கா தட்டை மாற்றிய பெருநாள்

செய்தி வந்தபோது நான் மருத்துவமனைச் சமையலறையின் பின்வாசலில் ஈரல் பெட்டியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தேன். கொண்டுவந்தவன் ஐஸ் போதாமல் போட்டிருந்தான். அவனிடம் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், சமையல் பார்க்கும் ஸ்டெல்லா அம்மை உள்ளேயிருந்து வந்து, “லேய், சத்தம் போடாத மக்கா. நம்ம விஜிலா போயிட்டாளாம்” என்றார். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மதிய உணவுக்கு முட்டையை மாற்றாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதைச் செய்யாமல் ஓடியிருந்தால் விஜிலா அக்காவே எழுந்து உட்கார்ந்து கேட்டிருப்பார்: “அப்பம் மத்தியானத்துக்கு என்னத்த விளம்புவ?”

கல்லறைத் தோட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். இதைப் படிக்கும் மருத்துவமனைக்காரர்களான உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பொறுமை கிடையாது. கருங்கல் ஊரை அடுத்த இந்த மருத்துவமனையில் உணவு ஆலோசகராக அவரும், சமையலறையின் தரக் கட்டுப்பாட்டுக்கு நானும் இருந்த காலத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். வார்டில் மீந்து திரும்பும் தட்டைக் கண்டால் அவருக்கு ஆத்திரம் வரும். யார் மீத்தார்கள் என்று படுக்கை படுக்கையாகப் போய்க் கேட்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரைப் பார்த்தாலும், பேச்சுக்கு நடுவிலேயே, கட்டைவிரலால் அவர்களுடைய கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். உள்பக்கம் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணின் கண்ணை அப்படி இழுத்து அடி வாங்கப் பார்த்திருக்கிறார். “அவ வெளுத்துக் கெடக்கா, நான் சும்மா ஜன்னல் வழியா தென்னைமரம் பாத்துட்டு வரணுமோ?” என்று என்னிடம் கேட்டார்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புறநோயாளிகள் உட்காரும் இடத்தில் மாட்டுவதற்காக ஓர் அட்டவணை தயாரித்தேன். ஒரு பக்கம் ஈரல், சுவரொட்டி என்னும் மண்ணீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள். மறுபக்கம் நாம் கறி என்று சொல்லும் தசை. புரதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரும்புச் சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் ஏ எல்லாவற்றிலும் ஈரல் பல மடங்கு மேலே நிற்கும். கொழுப்பை வெட்டி நீக்கிய தசைக்கறியில் கொலஸ்ட்ரால் குறைவு. உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருளும் ஈரலைவிடத் தசையில் குறைவுதான். எல்லாவற்றையும் வண்ணமிட்டு அச்சடித்து அவர் மேஜையில் வைத்தேன். மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்தார்.

“எல்லாம் சரிதான். யாருக்கு விளம்பணும்னு ஒரு வரி இல்லியே?”

“அது உங்க வேலை அக்கா. எதுல என்ன இருக்குன்னு சொல்றதுதான் எனக்க வேலை.”

“ஆமா, ரெண்டு பேரும் நம்ம நம்ம வேலையப் பாத்தா போரும். தின்னுகவன் செத்துப் போவான்.”

எனக்குக் கோபம் வந்தது. அவருடைய குறைகளையும் நான் விட்டுவைக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கான அவருடைய வகுப்பில் முதல் மாதத்திலிருந்தே ஈரல் சாப்பிடலாம் என்று சொல்லிவந்தார். நான் எழுந்து, தொடக்க மாதங்களில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் குழந்தைக்கு ஆகாது, ஈரலை அப்போது தள்ளிவைப்பதே நல்லது, இரும்புக்கு ஆட்டுச் சுவரொட்டி போதும், அதில் அந்த ஏ இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். அன்றே மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்லிவிட்டு, “இது அந்தச் சண்டைக்கோழி கண்டுபிடிச்சது. சரியாத்தான் சொல்லுகான், என்ன செய்ய?” என்றார். தவறைத் திருத்திக்கொள்ள ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளாத வேறொருவரை நான் இங்கே பார்த்ததில்லை.

என் வீடு தேங்காப்பட்டணத்தில். வகுப்பில் அப்படித் திருத்திய அதே வருடம் தங்கை ஷிபானா இரண்டாவது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம் கடந்திருந்தது. முதல் பிரசவத்திலேயே அவளுக்கு இரத்தப்போக்கு அதிகமாகி, எல்லோரும் பயந்துபோன கதை உண்டு. இந்த முறை இரத்தம் மேலும் குறைந்திருந்தது. மாத்திரை போட்டால் குமட்டல் என்று பாதி நாள் போடமாட்டாள். “இப்படியே போனா பிரசவத்துக்கு முன்னாலேயே ரத்தம் ஏத்த வேண்டி வரும். போன தடவை மாதிரி போச்சுன்னா தாங்க மாட்டா” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதே வீட்டில் வாப்பாவுக்கு யூரிக் அமிலம். கால் பெருவிரல் வீங்கினால் போர்வை பட்டாலும் அலறுவார்.

இனி எங்கள் வீட்டு வழக்கம். ஹஜ்ஜுப் பெருநாளன்று தொழுகை முடிந்து ஆட்டைக் குர்பானி கொடுத்ததும் முதலில் அடுப்பேறுவது ஈரல்தான். மிளகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து வறுத்து, முன்னறையில் உட்காரும் ஆண்களுக்கு வைப்பார்கள். அதில் முதல் தட்டு வாப்பாவுக்கும் விருந்தாளிக்கும். பெண்கள் பங்கு பிரித்து, அக்கம்பக்கம் கொடுத்தனுப்பி, சமைத்து முடித்து உட்காரும்போது எலும்பும் கறியும் இருக்கும். பெருநாளில் தொடங்கிய வரிசை வருடம் முழுக்க அப்படியே போகும். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கால் கிலோ ஈரலும் வாப்பாவுக்குத்தான். அதாவது, எந்த உடம்புக்கு ஈரல் விஷமோ அதற்கு ஈரல். எந்த உடம்பு இரும்புக்கு ஏங்குகிறதோ அதற்கு எலும்பு. என் அட்டவணையை அப்படியே தலைகீழாக மாட்டியதுபோல.

நான் சொல்லாமல் இல்லை. அட்டவணையைக் கொண்டுபோய் வாப்பா முன்னால் விரித்தேன். “எனக்க வாப்பா தின்னாரு, அவருக்க வாப்பா தின்னாரு. நீ கடலாசு காட்டி எனக்க தட்டப் பறிக்க வந்தியா?” என்றார். உம்மாவோ, “வாப்பாக்கு வைக்காம பொம்பளைக்கு வைக்கவா? ஆளுக பாத்தா என்ன சொல்லுவாவ?” என்று முடித்துக்கொண்டார். ஷிபானாவே அண்ணனான என்னைப் பார்த்து, “எனக்கு வேண்டாம் காக்கா, சும்மா சண்டை போடாத” என்றாள்.

இதை ஒரு நாள் எரிச்சலோடு விஜிலா அக்காவிடம் கொட்டினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “பெருநாளைக்கு என்னக் கூப்பிடு” என்றார்.

வந்தார். ஞாயிறு ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில், பழப்பையோடு. உம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆஸ்பத்திரி அக்கா வந்திருக்கிறார் என்று தட்டு நிறைய ஈரல் வறுவல், மேலே வெங்காயம் தூவி, முன்னறையில் அவர் முன் வந்தது. வாப்பாவும் இரண்டு மாமாக்களும் பக்கத்தில் இருந்தார்கள். எங்களில் பெருநாள் சாப்பாட்டை ஒரு தட்டில் இருவராகச் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அது அக்காவுக்குத் தெரியும். தட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“தின்னுங்கோ டீச்சர், ஆறிப் போவும்” என்றார் உம்மா. வெள்ளைச் சேலை கட்டியவர்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான்.

“ஒத்தைக்குத் திங்கப்பிடாதுல்லா? கூட யாராவது இருக்கணுமே.”

“அதுக்கென்ன, நான் இருக்கேன்” என்று உம்மா முந்தானையை இழுத்துச் செருகினார்.

“நீங்க அடுப்பப் பாருங்கோ உம்மா. ஷிபானா எங்க? மோளே, இஞ்ச வா.”

ஷிபானா கதவோரம் வந்து நின்றாள். ஆண்கள் இருக்கும் அறை. அவள் வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா கூரையைப் பார்த்தார். அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்தார்.

“வாப்பா, இஞ்ச பாருங்கோ. இது என்ன நிறம்?”

பதிலையும் அவரே சொன்னார்.

“நம்ம வீட்டுச் சுவரு நிறம். சுண்ணாம்பு அடிச்ச நிறம். இவ வயித்துல உள்ள பிள்ளைக்கும் சேத்து இந்த ரத்தந்தான் ஓடணும், கேட்டியளா?”

முதல் துண்டை அக்கா தன் வாயில் போட்டு, இரண்டாவதை அவள் வாயில் ஊட்டினார். விருந்தாளி ஊட்டுவதைத் தடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது. தட்டில் முக்கால்வாசி ஷிபானாவுக்குள்தான் போனது. நடுவில் அக்கா, “உம்மா, எனக்க மாமியாரு இத அறிஞ்சிருந்தா, எனக்கும் ஒரு தடவ ஊட்டிருப்பா” என்றதும் உள்ளேயிருந்து பெண்கள் சிரித்தார்கள். வாப்பாவுக்கு வேறு தட்டில் கொழுப்பு நீக்கிய கறி நான்கு துண்டு வைத்து, “இது உங்களுக்கு. இத மெல்ல மெல்ல சவைச்சுத் தின்னுங்கோ. ஈரலத் தின்னுட்டு ராத்திரி கெடந்து கத்துகத இந்தத் தம்பி பறஞ்சான்” என்றார். மாமாக்கள் சிரித்துவிட்டார்கள். வாப்பாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

கிளம்பும்போது அவர் கட்டைவிரல் உம்மாவின் முகத்துக்கும் நீண்டது. உம்மா தலையை விலக்கிக்கொண்டு, “எனக்கென்ன டீச்சர், நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று அடுக்களைக்குள் போய்விட்டார்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். மனதில் இருந்ததைக் கேட்டேன். “ஒரு தட்டு ஈரல் தின்னா ரத்தம் ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்லே. ரத்தம் ஏத்தவா வந்தேன்? அந்தத் தட்டு முன்னறையில அவளுக்க முன்னால ஒரு நாள் இருக்கணும். எல்லாரும் பாக்கணும். பாத்தாச்சுன்னா அடுத்த ஞாயிறு அவளுக்கு வைக்க உம்மாக்குக் கூச்சம் இருக்காது.”

அப்படித்தான் ஆனது. அடுத்த ஞாயிறு உம்மா சத்தமில்லாமல் ஷிபானாவுக்கு வைத்தார். வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. அவள் மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரோடு விழுங்குவதை அக்கா கண்டுபிடித்து, தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நிறுத்தினார். குமட்டாத வேறு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு மாற்றவைத்தார். பிரசவத்துக்கு முன் இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை வரவில்லை. தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். ஈரல்தான் காப்பாற்றியது என்று நான் எழுதமாட்டேன். மாத்திரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மிகைப்படுத்தி எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

பிறகு அவருக்கே நோய் வந்தது. வயிற்றில். சொல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மீதித் தட்டுகளைத் தேடி வார்டு வார்டாக நடந்தவர், தன் மதியச் சாப்பாட்டை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது, ஈரலை வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, அவருடைய எடைக்குக் கணக்குப் போட்டு ஒரு சூப் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினார். நான் என் வழக்கப்படி அதில் இன்னதெல்லாம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

“நிறுத்துலே மக்கா. எதுல என்ன இருக்குன்னு இப்பம் என்ட்ட சொல்லாத. எது எறங்குகோ அதுதான் சத்து.”

கஞ்சி வெள்ளம்தான் இறங்கியது. உப்பு போட்டு, கரண்டியால் மூன்று நான்கு வாய். நான்தான் கொடுத்தேன். அதன் பிறகு அவர் திட்டவில்லை. அவர் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் போன சில வாரங்களில் இந்த ஆண்டுப் பெருநாள் வந்தது. ஷிபானா கணவனோடு வளைகுடாவில். வீட்டில் வெளுத்த பெண் யாரும் இல்லை என்ற நினைப்பில், வறுத்த ஈரலை உம்மா பழையபடி வாப்பா முன் கொண்டுவந்து வைத்தார். வாப்பா கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, தட்டைத் தள்ளிவைத்தார். “டீச்சர் இருந்தா ஏசும். யாருக்கு வேணும்னு பாத்துக் கொடு” என்றார். நான் எழுந்துபோய் உம்மாவின் முகத்தைப் பிடித்தேன். “விடுலே, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று விலகப் பார்த்தார். விடவில்லை. கீழ் இமையை இழுத்தேன்.

சுவரின் நிறம்.

தட்டை உம்மாவின் முன் நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாயை நான் எடுத்தேன். மறுநாளே அழைத்துப் போய் இரத்தம் பார்க்கவைத்தேன், சிகிச்சை நடக்கிறது. அட்டவணை இன்னும் புறநோயாளிகள் உட்காரும் இடத்துச் சுவரில் இருக்கிறது, அதன் தலைப்பில் “யாருக்கு?” என்று கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சொல் அல்ல. வெட்கப்படாமல் எவர் முகத்தையும் நோக்கி நீளும் அந்தக் கட்டைவிரலைத்தான்.