பதினோராம் நம்பர் குழாய்

தண்ணீரைச் சோதிக்க இறக்கின குழாயில் நல்ல தண்ணீரை ஊற்றிக் காரியத்தைக் கெடுத்தவர்கள் உலகத்திலேயே எங்கள் தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அதிலும் முன்னால் நின்று ஹோஸைப் பிடித்தவர் என் அப்பா. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அப்பா அந்த வரிசையில் கடைசி ஆள்.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் வழியில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. தெருவுக்கு மேற்கே, மூடிப்போன ஒரு டேனரியின் பின்பக்கச் சுவர். அப்பா அங்கே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். தோலைப் பதப்படுத்தும் குரோம் கரைசலை அந்தக் காலத்தில் அங்கேயே காய்ச்சினார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு உப்பு மூட்டை மூட்டையாக வரும். அதைத் தொட்டியில் கொட்டி, ஆசிட் விட்டு, சர்க்கரை ஆலையிலிருந்து வரும் மொலாசஸை ஊற்றிக் கலக்கினால் பொங்கிப் பச்சையாக மாறும். கலக்குகிறவர் அப்பா. கீழே சிந்தினதையும் மூட்டையைக் கழுவின தண்ணீரையும் பின்னால் பள்ளத்தில் விடச் சொன்னார்கள், விட்டார். பிறகு ஒருநாள் டேனரியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி குடும்பம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர்கள் விட்டுப்போன தண்ணீர் மட்டும் தரைக்கு அடியில் மெல்ல நகர்ந்து எங்கள் போர்வெல்களுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் போர் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்தால் இளமஞ்சளாகத் தெரியும். குடிக்க மாட்டோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான், வேறு எது இருக்கிறது? அம்மாவின் விரல்கள் எல்லாம் வெடித்து, தேங்காய் துருவும்போது ரத்தம் வரும். வேலூரில் காட்டினோம். டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணியை மாத்துங்கம்மா" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் என்னிடம், "சட்டையா மாத்தறதுக்கு?" என்று கேட்டாள்.

இந்த நிலையில்தான் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்கிற திட்டம் வந்தது. உள்ளூரில் அறிவியல் படித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலையும் தருவதாகச் சொன்னார்கள். நான் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே ராஜினாமா லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறு வாரப் பயிற்சி. உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். கண்காணிப்புக் குழாயை எப்படித் திறப்பது, உள்ளே தேங்கி நிற்கும் பழைய தண்ணீரை அதன் அளவைப்போல் மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரை எப்படிப் பிடிப்பது, பாட்டிலில் எதை எழுதுவது, ஐஸ் பெட்டியில் எப்படி வைப்பது, எல்லாம். பூமிக்குள் மொலாசஸை இறக்கினால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும், அவை பெருகுகிற இடத்தில் மஞ்சள் குரோமியம் பச்சையாக மாறி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோடு நகராது. இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா ஆறு வாரம் டிரெய்னிங்கு? நான் ஷெட்ல தெனம் பண்ணது இன்னா? நாங்க தொட்டியில பண்ணோம், நீங்க தரைக்குள்ள பண்றீங்க. எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுக்கச் சொல்லு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் 'மக்களுடன் பேசுதல்' என்று ஒரு வகுப்பு இருந்தது. மொத்தம் அரை மணி நேரம். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு ஜோலார்பேட்டையில் ரயில். அவர் மூன்று படங்களைக் காட்டிவிட்டு, "இது காமன் சென்ஸ்தான், நீங்களே படிச்சுக்குங்க" என்று லேப்டாப்பை மூடினார். டீ வந்திருந்தது. நானும் எழுந்து டீ குடிக்கப் போனேன். வரிசையில் அந்த ஆள் ஒன்று என்றால் நான் இரண்டு.

சுற்றுவட்டாரத்தில் பதினைந்து இடங்களில் கண்காணிப்புக் குழாய் இறக்கினார்கள். பதினோராம் நம்பர் குழாய் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. தண்ணீரை எடுத்துச் சோதித்து, கெட்ட இடங்களைச் சுற்றி மேப்பில் ஒரு சிவப்புக் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் தெருவுக்குத் தரைக்குள் அந்த மொலாசஸ் மருந்து இறங்கும். அது வேலை செய்கிறவரை தினமும் லாரியில் நல்ல தண்ணீர் வரும். கோட்டுக்கு வெளியே என்றால் ஒன்றும் கிடையாது. அந்த லாரித் தண்ணீரில் அம்மாவின் கை ஆறும் என்பது மட்டும்தான் அப்போது என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

குழாய் மூடியின் சாவியை அப்பாவிடம் கொடுத்து வைத்தார்கள், பக்கத்து ஆள், பொறுப்பானவர் என்று. சொந்தத் தெருவில் நாங்கள் சோதனைக்கு மாதிரித் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் மாதிரி எடுக்கும் அன்று எனக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாய்கள். அதற்கு முதல் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்கப்பா, சாவி ரெடியா வச்சிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு மாதம் கழித்து மேப் வந்தது. சிவப்புக் கோடு டேனரியைச் சுற்றி, அடுத்த இரண்டு தெருக்களைச் சுற்றி, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வந்ததும் வளைந்து ஒதுங்கிப் போயிருந்தது. பதினோராம் நம்பரில் குரோமியம் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் கம்மி. ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் அப்பா.

"இன்னா பாப்பா, ரிசல்ட்டு வந்துச்சா? நம்ம குழாய் பாஸா?"

அந்தப் 'பாஸா'வைக் கேட்டதும் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. "இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

மனுஷர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நான் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு மத்தியானமே ஒரு டேங்கர் நல்ல தண்ணீரை வரவழைத்திருக்கிறார்கள். தெருவில் இருக்கிற பழைய டேனரி ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பூட்டைத் திறந்து, ஹோஸை உள்ளே விட்டுச் சாயங்காலம் வரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடர். சுற்றிலும் கூட்டிப் பெருக்கி, மூடியைத் தேய்த்துத் துடைத்திருக்கிறார்கள். மூன்று மடங்கு இறைத்தால் போதும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், ஒரு தெருவே சேர்ந்து ஒரு முழு டேங்கரைக் குழாய் வழியாகப் பாறை இடுக்கில் ஊற்றும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"உங்களுக்கெல்லாம் மூளை இருக்குதா?" என்று கத்தினேன். அப்பாவை அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. "அழுக்கா இருந்தாத்தானே சுத்தம் பண்ணுவாங்க! நல்லா இருக்குதுன்னு நீங்களே காட்டினா எவன் வருவான்?"

அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஆபீசர் வர்றாங்கன்னா அப்படியேவா வுடறது? ஆடிட்டுன்னா ஒருநாள் முன்னாடி கழுவ மாட்டோமா? வெளிநாட்டுக்காரன் வந்தா டிரம்மெல்லாம் பின்னாடி தள்ளி, தரையைக் கழுவி, கையுறையை மாட்டிக்கிட்டு நிப்போம். இல்லன்னா கம்பெனிக்கு இன்னா பேரு? இது நம்ம தெரு பாப்பா. நாத்தம் புடிச்ச தெருன்னு எழுதிட்டுப் போய்ட்டா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பான், யாரு பொண்ணு எடுப்பான்?"

அடப்பாவிகளா என்று இருந்தது. அப்பாவை அல்ல. ஒரு மனுஷனுக்கு இருபத்தாறு வருஷம் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: கேட்க ஆள் வருகிறது என்றால் கழுவு, மறை, சிரித்துக்கொண்டு நில். எங்களுக்குக் கிடைத்த ஆறு வாரத்தைவிட எவ்வளவு நல்ல பயிற்சி! அந்தக் கையுறைகளை ஆடிட் முடிந்ததும் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். இதையும் அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் இன்ஜினியரிடம் போய் நின்றேன். திட்டத்தை நடத்தும் கன்சல்டன்சிக்காரர், வயது நாற்பது இருக்கும், யாரையும் அதட்டிப் பேசாதவர். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "திரும்ப எடுக்கணும்னா காரணம் எழுதணும்மா. யார் தண்ணி ஊத்தினதுன்னும் எழுதணும். ஃபைல்ல நிக்கும். உன் வேலைக்கும் பேஜார்தான். யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? எழுதினேன். 'சாவி என் தந்தையிடம் இருந்தது. மாதிரி எடுப்பது எதற்காக என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.' கையெழுத்துப் போடும்போது பேனா அழுத்தித் தாள் கிழிந்துவிட்டது. வேறு தாளில் இன்னொரு முறை எழுதினேன்.

மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள், ஊற்றின தண்ணீர் விலகிப் போகட்டும் என்று. அந்த மூன்று மாதமும் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலருக்குப் புரிந்தது. சிலர், "உங்க அப்பாதானே முன்னாடி நின்னாரு" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மாதிரி எடுப்பதற்கு முதல் நாள் போய்ப் பார்த்தால், அப்பா துடைப்பத்தோடு குழாயைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நான் முறைத்ததும், "குழாயைத் தொடலம்மா, தரையைத்தான்" என்றார். எதிர்வீட்டு அக்கா, "ஒரு கோலமாவது போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். போட்டுக்கோ தாயே, கோலத்தில் குரோமியம் மாறாது என்றேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ரிசல்ட்டில் எங்கள் தெரு கோட்டுக்குள் வந்துவிட்டது. லாரியும் வருகிறது. அம்மாவின் கை கொஞ்சம் தேவலை. ஆனால் அந்த இரண்டாவது நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது.

காலை பத்து மணி இருக்கும். குழாயைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே இன்ஜினியரும் என்னோடு பயிற்சி எடுத்த ஒரு பெண்ணும். சொந்தத் தெரு என்பதால் நான் கயிற்றுக்கு வெளியே, தெருக்காரர்களோடு. அப்பா துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். பம்ப் ஓடியது. தண்ணீர் மேலே வந்து கண்ணாடிக் குடுவையில் விழுந்தது. எங்கள் பக்கெட்டில் வருவதைவிட மோசம். நல்ல மஞ்சள், எலுமிச்சம்பழ நிறம். இத்தனை நாள் இதிலா குளித்தோம் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

எனக்குச் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்போதுதான் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கயிற்றின் ஓரத்துக்குப் போனார்.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார். "தண்ணி இப்படித்தான் இருக்குது. நாங்க ஒண்ணும் பண்ண முடியல."

இன்ஜினியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். சிரித்தார். கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். "பரவால்ல பெரியவரே, விடுங்க," என்றார்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"இன்னா சார் பரவால்ல?" என்று கேட்டுவிட்டேன். "யாரை யாரு சார் மன்னிக்கிறது? இந்தத் தண்ணி அவருதா? அவரு கையில தொட்டியைக் கலக்க வுட்டவன், பள்ளத்துல வுடச் சொன்னவன், பூட்டிட்டு ஓடிப் போனவன், இதெல்லாம் தெரிஞ்சும் ஆடிட்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போனவன், அவனுங்கள்ல ஒருத்தன் வந்து எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டானா? ஒருத்தன்? இவரு கேக்கறாரு, நீங்களும் குடுக்கறீங்க!"

இன்ஜினியர் முகம் சுண்டிப்போனது. குடுவையைப் பிடித்திருந்த பெண் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததே இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்.

"சார்கிட்ட சாரி கேளு பாப்பா. கோச்சுக்கிட்டுப் போய்டப் போறாரு."

நான் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து அவரே கேட்டார்.