அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி

உயிரோடு இருந்த என் தகப்பனாரை நான் என் வாயாலேயே கொன்றேன். மூன்று பேர் முன்னால், நல்ல இங்கிலீஷில், கொஞ்சமும் தடுமாறாமல். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கர்த்தர் செய்த நன்மை அதற்குப் பிறகுதான் வரும்.

சாட்சி சொல்கிறவர்களில் பலர் தாங்கள் பட்ட கஷ்டத்தை நீட்டிச் சொல்லி, தாங்கள் செய்ததைச் சுருக்கிவிடுகிறார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் சொல்லி வந்தேன். இன்றைக்கு முன் வரிசையில் காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னும் சில மாதத்தில் வேலைக்கு மனுப் போடப் போகிறவர்கள். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். அப்பா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் சமையல்காரர். முதலில் அங்கே ஒரு வெள்ளைக்கார துரை இருந்தார். சுதந்திரம் வந்ததும் அவர் கப்பலேறிப் போனார். பங்களாவை வாங்கிய அதிகாரி, நம் நாட்டுக்காரர், மேஜை நாற்காலியோடு அப்பாவையும் வைத்துக்கொண்டார். மொத்தம் இருபத்திரண்டு வருஷம் அப்பா அந்த அடுப்பங்கரையில் நின்றார். எங்களை ஒருநாளும் அங்கே கூட்டிப் போனதில்லை. அந்த அதிகாரியின் முகம்கூட எனக்குத் தெரியாது.

நான் பி.ஏ. படித்தேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு படித்ததில்லை. காலேஜில் எனக்குப் பேச்சில்தான் பெயர். மேடையேறினால் எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது, எப்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பது எல்லாம் அத்துப்படி. கோப்பைகள் வாங்கியிருக்கிறேன். அந்தக் கோப்பைகளால் எனக்குத் தலைக்கனம் வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரிந்த மறுவருஷம் நான் கடைசி வகுப்பில் இருந்தேன். எங்களுக்கு ஒரு லெக்சரர் அம்மா, இன்டர்வியூவுக்குப் போகிற முறையைச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷி. தலையில் பூ அதிகம் வேண்டாம். வளையல் சத்தம் போடக் கூடாது. உட்காரச் சொன்ன பிறகு உட்கார வேண்டும். கேள்வி புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது. இதெல்லாம் இன்றைக்கும் சரிதான். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டால், தனியாரிடம் உத்தியோகம் என்று மட்டும் சொல், சமையல் என்று சொல்லாதே, கம்பெனிக்காரர்கள் குடும்பத்தைப் பார்ப்பார்கள் என்றார்.

எனக்கு அது போதவில்லை. தனியாரிடம் என்றால் யாரிடம், என்ன உத்தியோகம் என்று அடுத்த கேள்வி வருமே. என் சிநேகிதி சரோஜினியை இன்டர்வியூ எடுக்கிறவராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். நான் கண்ணைத் தாழ்த்தி, சற்று நிறுத்தி, "அவர் காலமாகிவிட்டார்" என்றேன். துக்கமான ஒரு வார்த்தை சொன்னால் மேலே யாரும் தோண்ட மாட்டார்கள் என்பது மேடையில் கற்ற பாடம்.

சரோஜினி திகைத்துப் போனாள். "ஏய், உங்கப்பா கல்லு மாதிரி இருக்காரேடி" என்றாள்.

"அவங்களுக்குத் தெரியவா போகுது" என்றேன்.

ஜூன் மாதம் ஒரு பெரிய கம்பெனியில் இருந்து கடிதம் வந்தது. சரோஜினியின் அக்கா புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். முதல் பத்து நிமிஷம் நான் பேசிய பேச்சில் இரண்டு பேர் முகம் மலர்ந்துவிட்டது. ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் என் மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான் கேட்டார், உன் தகப்பனார் என்ன செய்கிறார் என்று.

கண்ணைத் தாழ்த்தினேன். நிறுத்தினேன். சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்படியா? அப்போது இன்று காலை எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தது யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

மற்ற இருவருக்கும் முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். அதற்குப் பிறகு சிரித்தார்கள். நான் போகலாம் என்று கதவைக் காட்டினார்கள்.

நடந்தது இதுதான். அந்த அதிகாரியைக் கம்பெனி தேர்வுக் குழுவில் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தது. அப்பாவுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. எனக்குச் சொன்னால் நான் கோபப்படுவேன் என்று சொல்லாமல், காலையில் காபியை வைத்துவிட்டு அவரிடம் கேட்டிருக்கிறார், என் மகள் வருகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று. இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா தனக்கென்று அந்த வீட்டில் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. அதிகாரியும் இரண்டு நாள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்தாளிகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் பொண்ணு உன்ன சாகடிச்சுட்டாளேன்னு, டேபிள்ல நாலு பேர் முன்னாடி சொல்லிச் சிரிச்சாராம் அந்த ஐயா. உங்கப்பா கையில புட்டிங் டிஷ் இருந்துச்சாம். எல்லாருக்கும் பரிமாறிட்டுத்தான் வந்தாரு." இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நான் போய் அப்பா காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அடித்திருந்தால் இன்னும் நல்லது. அம்மா பக்கம் திரும்பி, "செத்தவன் எப்படிப் பேசுவான்னு கேளு அவள" என்றார். எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

அதுதான் கடைசி. அதன் பிறகு எட்டு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே பங்களா வேலையை விட்டார். அந்த மேஜைக்கு முன்னால் இனி நிற்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னாராம். ஆண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு ஹாஸ்டலில் வேலை கிடைத்தது. கஸ்டர்டும் ரோஸ்ட்டும் செய்த கை, ஆள் உயர அண்டாவில் சாம்பார் கிளறியது. வலது தோள்பட்டை இறங்கிப்போயிற்று. நான் எண்ணெய் தேய்க்கப் போனால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்வார்.

சகோதரிகளே, இந்த நாட்களில் நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? வேலை வேண்டும் என்று. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். வேலை கிடைத்துவிட்டால் அப்பா மனம் இளகிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். மேலும் இரண்டு இன்டர்வியூ போனேன். அப்பா என்ற சொல்லை யாராவது எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. கோப்பை வாங்கிய வாய் அப்படி ஆயிற்று.

புதன்கிழமைகளில் சபையில் உபவாச ஜெபம் நடக்கும். நவம்பரில் ஒரு புதன்கிழமை, நான் சத்தமாக ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த அக்கா, "எவ்ளோ அழகா ஜெபிக்கிறே, கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கர்த்தரிடம் பேசும்போதும் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேஜைக்கு முன்னால் நிறுத்தியது போலவே.

அன்றிலிருந்து வாய்விட்டு ஜெபிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். வேலையைக் கேட்பதையும் விட்டேன். அப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டும், அதை மட்டும் கேட்டேன். கிறிஸ்துமஸ் வந்தது. அப்பா எல்லோருக்கும் பலகாரம் செய்தார். என் தட்டை அம்மா கையில் கொடுத்து அனுப்பினார். அந்தத் தட்டோடு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து, என் ஜெபத்தைக் கேட்கிறவர் யாராவது இருக்கிறாரா என்றே சந்தேகப்பட்டேன்.

பிப்ரவரியில் சரோஜினி ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தாள். சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா வேலை. போக மனமில்லை. அவள்தான் பிடிவாதமாக மனுவை எழுதவைத்தாள். இந்த முறை நான் ஒத்திகை பார்க்கவில்லை. வாசலில் காத்திருந்தபோது, என் வாயில் நீரே உண்மையை வையும் என்று மட்டும் சொன்னேன்.

நான்கு பேர் இருந்தார்கள். இரண்டாவது கேள்வியே அதுதான்.

"என் அப்பா சமையல்காரர்" என்றேன். குரல் நன்றாக இல்லை. கரகரத்தது. "ஒரு வீட்டில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தார். இப்போது ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறார்" என்றேன்.

ஒருவர் மனுவை மூடி வைத்தார். நான் பார்த்தேன். இன்னொருவர், வயதானவர், கன்னடத்தில் கேட்டார், உங்கள் அப்பா செய்வதில் எது ரொம்ப நன்றாக இருக்கும் என்று. கேலியா உண்மையா என்று தெரியவில்லை. கறியைக் கொத்தி உருண்டை பிடித்துச் செய்கிற குழம்பு என்று கன்னடத்திலேயே சொன்னேன். எப்படிச் செய்வார் என்று கேட்டார். சொன்னேன். மசாலா அரைப்பதில் இருந்து, தேங்காய்ப்பால் ஊற்றுவது, உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கரண்டியால் மெதுவாகக் கிளறுவது வரை. கைகள் தானாக ஆடின. எந்தப் பாயிண்டில் நிறுத்துவது என்ற நினைப்பே இல்லை. என் வாழ்க்கையில் நான் பேசிய நல்ல பேச்சு அதுதான். அதற்கு யாரும் கை தட்டவில்லை. சரி, தெரிவிக்கிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அன்று அப்பாவுக்கு விடுமுறை. பின்வாசலில் உட்கார்ந்து கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதில் விழட்டும் என்று சொல்லவில்லை என்றால் அது பொய். விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், மனுவை மூடியவர், குழம்பு.

கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது.

"உருண்டையப் போட்டப்புறம் கரண்டி போடக்கூடாது" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை. "உடைஞ்சுபூடும். சட்டியத் துணியால பிடிச்சு ஆட்டணும்."

"சரிப்பா" என்றேன்.

அவ்வளவுதான். கத்தி மறுபடி கல்லில் உரசத் தொடங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பு பக்கம் திரும்பிவிட்டாள். நான் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். அழுதேன். நான் கேட்டது ஒரு வார்த்தை. கர்த்தர் அதற்கு மேலேயே கொடுத்தார்.

வேலைக்கு என்னை முதலில் எடுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். எடுத்த பெண் கல்யாணமாகிப் போனதால் மே மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

இத்தோடு முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்பா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு பேசினார். அடுப்பு, அரிசி, மழை, இவைகளைப் பற்றி. என் வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. ஒருமுறை என் செக்ஷன் பெரியவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தார். அப்பா டீ கொண்டுவந்து வைத்தார். நான் எழுந்து நின்று, "இவர்தான் எங்கப்பா, சார்" என்றேன். அப்பா, "சமையல்காரன் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வந்தவர் அது பணிவு என்று நினைத்தார். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் முழுக்க நான் கட்டிலருகில் இருந்தேன். என்னை விலக்கவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதில் கர்த்தர்மேல் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால், பொய் சொல்கிற பழைய ஆளாகிவிடுவேன். வருத்தம் உண்டு. வருத்தத்தோடேயே நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்த மதியம் கர்த்தர் என் அப்பாவின் வாயைத் திறந்திருக்காவிட்டால், நான் மகள் என்ற பெயரில்லாமலே அவரை அடக்கம் செய்திருப்பேன்.

இப்போது சனிக்கிழமைகளில் சபை ஹாலில், இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். கையை எங்கே வைப்பது, எப்படி மூச்சு விட்டுப் பேச ஆரம்பிப்பது, மனு எப்படி எழுதுவது எல்லாம் சொல்லித் தருவேன். ஆனால் முதல் வகுப்பில் அது கிடையாது. ஒவ்வொருவரும் எழுந்து நின்று வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அப்பா ஜட்கா வண்டி ஓட்டுகிறார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். குரல் சாதாரணமாகும் வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சிலருக்கு ஒரு மாதம் ஆகிறது. ஒரு பிள்ளை அழுதுகொண்டு ஓடிப்போயிற்று. அடுத்த வாரம் தானே வந்தது.

பிள்ளைகளே, வேலைக்காக ஜெபியுங்கள், தப்பில்லை. அவர் கொடுப்பார், அல்லது தாமதமாகக் கொடுப்பார். ஆனால் அதற்கு முன்னால், கேள்வி வரும் அந்த நிமிஷத்தில் உங்கள் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்படி கேளுங்கள். அதை அவர் தாமதிப்பதில்லை. நான்தான் தாமதமாகக் கேட்டேன். இங்கிருந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் உட்காருங்கள். அவர்கள் வேலையை எப்படிச் செய்கிறார்கள், எந்த இடம் கஷ்டம், எதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்கிற நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.