தன் வீட்டு வாசலில் காத்திருந்த தனசேகரன்

கப்பலூரில் என் பட்டறையில் வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தச் சத்தத்தில் மந்திரியே கூப்பிட்டாலும் நான் எடுப்பதில்லை. நித்யா பெயரைப் பார்த்ததால் எடுத்தேன். "மாமா, அப்பா பேச மாட்டேங்குறாரு மாமா" என்றாள். தனசேகரன் பேச மாட்டேன் என்கிற ஆள் இல்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கையுறையைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்தேன். வழியில் இருந்த சிக்னல் அத்தனையும் எனக்காகப் பச்சையிலேயே நின்றது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனசேகரன் என் தங்கை கோமதியின் கணவர். தல்லாகுளத்தில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். நித்யா அவர்களுடைய ஒரே மகள். நான் தாய்மாமன், அந்த வீட்டில் என் சொல்லுக்குத் தனி எடை உண்டு. இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் அவருடைய ஆபீஸ் ஆட்கள். உங்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அஞ்சலியில் கோபத்தை எழுதலாமா என்று கேட்பீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவருடைய சர்வீஸ் முழுக்கத் தல்லாகுளத்தில் ஒரே வாடகை வீட்டில் ஓடியது. அந்த வீட்டுக்காரருக்கு ஒரு சட்டம் இருந்தது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், காற்றடித்தால் தேதி தெரியாது. நித்யா பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுப் படம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றபடியே மங்கிப்போனது. ஒருமுறை நான் பொறுக்க முடியாமல் சுத்தியலோடு போனேன். தனசேகரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் மச்சான். எனக்குன்னு ஒரு சுவரு வரும். அன்னைக்கு வா, ரெண்டு பேரும் ஆசை தீர அடிப்போம்" என்றார்.

ஓய்வு பெற்றதும் விளாங்குடியில் வீடு கட்ட ஆரம்பித்தார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய நாளிலிருந்து போனில் வீடியோ எடுத்தார். தினமும் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்று வந்து விழும். டிவியில் செய்தி வாசிப்பதுபோல, "வணக்கம், விளாங்குடியிலிருந்து தனசேகரன்" என்று தொடங்குவார். இன்று எந்தச் சுவர் எழும்பியது, மணல் எப்படி இருந்தது, எந்தக் கொத்தனாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் வரும். நம் ஆட்கள் என்ன செய்தீர்கள்? "மாமா, இன்னைக்குச் செங்கல் நியூஸ் உண்டா?" என்று கேலி பேசினீர்கள். ஒவ்வொருவராகக் குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தீர்கள். ஐஸ் பெட்டிமேல் விழுந்து அழுதவர்களில் எத்தனை பேர் அவர் வீடியோவை முழுசாகப் பார்த்தவர்கள்? நான் பார்த்தேன். ஒன்று விடாமல் பார்த்தேன். சிலதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

அவர் எடுத்தது பெருமைக்கு இல்லை. பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் ஒயர் போகும் பைப், தண்ணீர் பைப் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுப்பார். எலக்ட்ரீசியன் சிரித்தான். "என்ன சார், சுவத்துக்கு கல்யாண ஆல்பமா?"

"சிரிப்பா. பூசிட்டா உள்ள என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு என் மருமகன் ஆணி அடிக்கிறப்ப பைப்புல இறங்கிறக் கூடாதுல்ல" என்றார்.

இன்னும் வராத மருமகனுக்காகச் சுவரைப் படம் பிடித்த மனிதர் மதுரையில் வேறு யாராவது உண்டா, சொல்லுங்கள். டேப்பை வைத்து எடு என்று யோசனை கொடுத்தது நான்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் இருந்தால் மறுப்பார். அந்த வீட்டின் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் என் பட்டறை வேலை. கேட்டைப் பார்க்கவே திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்கள் மெதுவாகப் போகும்.

சமையல் மேடை கட்டின அன்று கோமதியை நிறுத்தி, தரையிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் டேப்பை வைத்து அளந்தார். "இத்தனை வருசம் வேற எவனோ ஒசரத்துக்கு கட்டுன மேடையில குனிஞ்சு சமைச்சா. இது இவ ஒசரத்துக்கு" என்று கொத்தனாரிடம் சொன்னார். எல்லாம் வீடியோவில் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, ஊருக்கே என் ஒசரத்த காட்டணுமா? அந்தப் போனை கீழ போடுங்க" என்று கோமதி கத்தினாள்.

"யாரும் பாக்க மாட்டாங்க கோமதி. எல்லாரும் அணைச்சு வச்சிருக்காய்ங்க" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அனுப்பிக்கொண்டிருந்தார்.

வீடு முடிந்தது. பெயிண்ட் காய்ந்தது. நித்யாவுக்கு வரனும் பேசி முடிந்தது. முதலில் பால்காய்ச்சு, அடுத்து கல்யாணம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நெஞ்சு வலி.

இனி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உடலை வண்டியில் ஏற்றித் தல்லாகுளம் வாடகை வீட்டுக்குக் கொண்டு போனோம். வீட்டுக்காரர் படியிலேயே நின்றார். "சார் நல்ல மனுசன், நான் இல்லேங்கல. மாடியில மருமக புள்ளத்தாச்சியா இருக்கா. பாடிய இங்க இறக்காதீங்க. அதான் சொந்த வீடு கட்டிட்டாருல்ல" என்றார். அத்தனை வருஷம் ஒரு ஆணி அடிக்காமல் இருந்த மனிதருக்கு அந்த வீடு காட்டிய மரியாதை அது. அடிக்கக் கை ஓங்கினேன். கோமதி, "விடுண்ணே, வண்டியை விளாங்குடிக்குத் திருப்பச் சொல்லு" என்றாள்.

விளாங்குடியில் கேட்டுக்கு முன்னால் தனசேகரனின் அண்ணன் சங்கரலிங்கம் நின்றார். சோழவந்தான் பக்கம் வயலும் தோப்பும் உள்ளவர், குடும்பத்தில் மூத்தவர். கூடவே உங்களில் பலபேர் நின்றீர்கள்.

"யாரைக் கேட்டு இங்க கொண்டாந்தீங்க? பால் காய்ச்சாத வீடு. மொத மொதல்ல பொணமா வாரது? இந்த வாசல்லருந்து ஒரு பொண்ணு கல்யாணமாகிப் போகணும், ஞாபகம் இருக்கா?" என்றார்.

"அது அவரு வீடு அத்தான்" என்றேன்.

"எனக்கு மட்டும் அவன் தம்பி இல்லையா மாப்ள? செத்தவனுக்காகப் பாக்கவா, இருக்குறவளுக்காகப் பாக்கவா? நாளைக்கு நித்யாவுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

நித்யா பெயரைச் சொன்னதும் கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. கொடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. பெற்றவளுக்கு அந்தப் பயம் வராதா? அது தெரிந்துதான் சங்கரலிங்கம் அந்த இடத்தில் கை வைத்தார்.

தெருவில் பெஞ்சு போட்டு ஐஸ் பெட்டியை வைத்தோம். பந்தல் இல்லை. பெட்டிக்கு அடுத்த வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தோம். தன் வீட்டு ஒயர் எந்தச் சுவரில் எப்படிப் போகிறது என்று விரலால் காட்டத் தெரிந்தவருக்கு இரவல் கரண்ட். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. லாரி போவதற்காக அவரை ஓரமாக நகர்த்தினோம். இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆபீஸ் ஆட்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "குடும்ப விசயம், நாம என்ன பேசுறது" என்று எதிர்ச் சாரியில் நிழல் பார்த்து ஒதுங்கினார்கள். அவர் எழுதிக் கொடுத்த மனுவால் இடமாறுதல் வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். பெயர் எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

ஊருக்குச் சாவுச் செய்தி போடலாம் என்று குடும்பக் குழுவைத் திறந்தேன். செய்தி எங்கே போடுவது, திரை முழுக்க அவர் வீடியோதான். மேலே தள்ளத் தள்ளச் சுவர், படி, ஜன்னல். அப்படித் தள்ளும்போது ஒன்று வந்தது. பூச்சு வேலை நடந்த சமயம், ஒரு மழைநாள். டீக்கடை அடைத்துவிட்டதால், கூடத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டிப் பலகைத் துண்டில் தீ மூட்டி வேலையாட்களுக்கு டீ போட்ட நாள். அன்று நானும் அங்கே இருந்தேன். சட்டியில் பால் பொங்கி வழிகிறது. பின்னால் அவர் குரல்.

"மச்சான், கிழக்க பொங்குது பாத்தியா? கோமதி, இங்க வா, பாரு. நம்ம வீட்டுல பொங்குன மொத பாலு. எல்லாருக்கும் ஊத்து."

சத்தத்தை முழுசாக வைத்து சங்கரலிங்கம் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அத்தான், பால் காய்ச்சலன்னு சொன்னீங்களே. இந்தா, காய்ச்சிருக்காரு. உங்களுக்கும் அன்னைக்கே அனுப்பிருக்காரு. நீங்க தொறந்து பாக்கல."

"டீக்குக் காய்ச்சுனதெல்லாம் ஒரு பால்காய்ச்சா மாப்ள? ஐயர் வந்தாரா, நாள் பாத்தீங்களா?" என்றார். அவர் பக்கத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோமதி எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இன்னொரு தடவை ஓடவிட்டாள். "எல்லாருக்கும் ஊத்து" என்று அவர் சொல்லும் இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஆமா. நான்தான் ஊத்துனேன்" என்றாள்.

மூத்தாரைப் பார்த்து என் தங்கை நிமிர்ந்து பேசி அதுவரை நான் கேட்டதில்லை. "வீட்டுக்காரரு காய்ச்சுனாரு, வீட்டுக்காரி ஊத்துனேன். இதுக்கு மேல யாரு வரணும்? நாங்க குடிவந்தாச்சு மாமா." சாவியை நித்யாவிடம் கொடுத்தாள். "நல்லது கெட்டது எதுன்னாலும் எனக்கும் எம்புள்ளைக்கும்தான். தொற."

"பெரியப்பா, தள்ளிக்கங்க" என்றாள் நித்யா. அவள் குரலில் சூடே இல்லை. பஸ்ஸில் வழி கேட்பதுபோலச் சொன்னாள். சங்கரலிங்கம் தள்ளிக்கொண்டார்.

ஐஸ் பெட்டியை நானும் அந்த எலக்ட்ரீசியனும் கொத்தனார்களும் தூக்கினோம். முன் பக்கம் முழுக்க நான் ஒருவனே தாங்கினேன். கூடத்தில், பால் பொங்கிய அதே இடத்தில் வைத்தோம். அவர் போட்ட சுவிட்சில், அவர் கரண்டில் பெட்டி ஓடியது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் உள்ளே வரவில்லை. தத்தனேரி சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பும் வரை தெருவிலேயே நின்றீர்கள். வெயிலில் நிற்கிறீர்களே என்று நித்யா தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த வீட்டுத் தண்ணீர் என்று வாங்க மறுத்தீர்கள். தகப்பனைப் பறிகொடுத்த பெண் சொம்போடு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். இந்த அஞ்சலியை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

இப்போது என்னென்னவோ பேச்சு காதில் விழுகிறது. வீடு தீட்டுப்பட்டது, ஒரு வருஷம் வாடகைக்கு விட்டால்தான் கழியும் என்கிறீர்கள். சம்பந்தி வீட்டுக்கு உங்களில் யாரோ போன் போட்டுச் சொல்லியும் இருக்கிறீர்கள். அவர்கள் நேரே வந்து கூடத்தில் உட்கார்ந்து, கோமதி கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்கள். அந்நியர்களுக்கு இருந்த மனசு நமக்கு இல்லை. கோமதியும் நித்யாவும் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மேடை கோமதிக்குச் சரியாக இருக்கிறது.

என்னிடம் அவருடையது என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும். அவர் குரல் இருக்கிறது. "விளாங்குடியிலிருந்து தனசேகரன்" என்று சொல்லும் அத்தனை வீடியோவும் என் போனில் இருக்கின்றன. இந்தக் கோபமும் இருக்கிறது, அதை நான் யாருக்காகவும் தணித்துக்கொள்வதாக இல்லை. போன வாரம் சங்கரலிங்கம் அத்தானே போன் செய்து, "மாப்ள, முறைப்படி ஒரு பால்காய்ச்சு வச்சிருவோம், பத்திரிகை எப்ப அடிக்கிறது?" என்று கேட்டார். எல்லோருக்குமாக இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பத்திரிகை வராது. அந்த வீட்டில் பால் பொங்கியாகிவிட்டது, நான் இருந்து குடித்தேன். உங்களுக்கும் அவர் அன்றைக்கே சொல்லி அனுப்பினார்.