சித்தப்பா சொன்ன ஸ்கோர்

மேடையின் இடது ஓரத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா சட்டென்று எழுந்து, கோரஸ் பாடுகிறவர்களின் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "இந்தியா ஜெயிச்சிடுச்சி!" என்று கத்திய அந்த நொடி எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அவர் காதிலிருந்து இயர்போன் ஒயர் சட்டைப் பைக்குள் இறங்கியிருந்தது. பைக்குள் டிரான்சிஸ்டர். பொங்கல் விழாவுக்காக எங்கள் பிளாக் மைதானத்தில் கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாத என் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அழுதே விட்டேன். ஆனால் அன்று இந்தியா தோற்றுத்தான் போனது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி வரும் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடையது. ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் ஒன்று பேட்டை எடுப்பார், இல்லாவிட்டால் டிரம்ஸ் குச்சிகளை எடுப்பார். பிளாக் டீமில் முதல் ஓவர் போடுவது அவர். டவுன்ஷிப்பின் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸும் அவர்தான். இரண்டு பைத்தியத்தையும் எனக்குத் தொற்றவைத்தவர் அவர். ஆனால் ஒன்றாகச் சேர்த்துத் தொற்றவைத்துவிட்டார். ரேடியோவில் வர்ணனை ஓடும்போது அவருடைய விரல்கள் நாற்காலிக் கையில் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டின் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். விக்கெட் விழுந்தால் தாளம் நின்றுவிடும். அதனால் இன்றைக்கும் ஒரு பாட்டின் நடுவே வாத்தியங்கள் எல்லாம் சற்று ஓய்ந்தால், யாரோ அவுட் ஆகிவிட்டதுபோல எனக்குத் திக்கென்கிறது. என் கணவரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்.

கச்சேரி நாளில் மேட்ச் வந்துவிட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் பாடகர்களைப் பார்க்க மாட்டார்கள், சித்தப்பாவைத்தான் பார்ப்பார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் "அண்ணே, ஸ்கோர்!" என்று குரல் வரும். பாட்டு நடக்கும்போதே ஃபோர் போனால் வலது கைக் குச்சியை அம்பயர் மாதிரி ஆட்டிக் காட்டுவார்; தாளம் பிசகாது. மாஸ்டர், அதாவது கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தியவர், அவரை முறைப்பார். ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார். சித்தப்பாவின் கைக்காகவும் கூட்டம் வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

சித்தியும் அதே குழுவில்தான் இருந்தாள். குறிஞ்சிப்பாடியில் சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு பல வருடங்கள் கோரஸ்தான் பாடினாள். மேடையில் அவள் குரல் இருக்கும், ஆனால் எது அவள் குரல் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பொங்கலுக்குத்தான் மாஸ்டர் முதல் முறையாக அவளுக்கென்று தனிப்பாட்டு ஒன்று கொடுத்திருந்தார். மெதுவாகப் போகிற, வாத்தியம் குறைவான பாட்டு. மார்கழி முழுக்க அவள் வெங்காயம் நறுக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அதையே பாடினாள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் கச்சேரி தொடங்கியபோது இந்தியா இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது. கடைசி ஓவர்கள் நெருங்க நெருங்க, பின்வரிசை ஆட்கள் எழுந்து டி.வி. இருக்கும் வீடுகளைத் தேடி நடக்க ஆரம்பித்தார்கள். பாதி மைதானம் காலியானதும் மாஸ்டர் குனிந்து சித்தியிடம் ஏதோ சொன்னார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன், சொன்னது கேட்கவில்லை. ஆனால் சித்தி மைக்கிலிருந்து பின்னால் நகர்ந்து கோரஸ் வரிசையில் போய் நின்றுகொண்டதைப் பார்த்தேன். கூட்டத்தைத் தக்கவைக்க வேகமான குத்துப்பாட்டு ஒன்றுக்கு ஆண் பாடகர் முன்னால் வந்தார். அப்போதுதான் சித்தப்பா எழுந்து கத்தினார்.

கேட் வரைக்கும் போனவர்கள் ஓடி வந்தார்கள். எங்கேயோ சரவெடி வெடித்தது. மேட்ச்தான் முடிந்துவிட்டதே, இனி எங்கே போவது என்று எல்லோரும் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நிறைந்த கூட்டத்தைப் பார்த்த மாஸ்டர் சித்தியை மறுபடியும் கூப்பிட்டார். அவள் பாடினாள். எத்தனையோ பெரிய பாடகர்களை அதற்கப்புறம் நேரில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு ஒரு மைதானமே அசையாமல் உட்கார்ந்து ஒரு குரலைக் கேட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சித்தியின் கண்கள் மூடியிருந்தன. சித்தப்பா குச்சிகளை வைத்துவிட்டு, மெல்லிய கம்பி பிரஷ்களால் டிரம்ஸைத் தடவுவதுபோல வாசித்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். "எவன்டா ஜெயிச்சிடுச்சின்னு சொன்னவன்? கடைசி ஓவர்ல தோத்துப் போய்ட்டாங்கடா!" முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள். ஒரு செருப்பு மேடையில் வந்து விழுந்தது. மாஸ்டர் மைக்கில் மன்னிப்புக் கேட்டுக் கச்சேரியை அத்தோடு முடித்தார். மேடைக்குப் பின்னால் வைத்துச் சித்தப்பாவைக் கேட்டபோது, "இயர்போன்ல சரியா காதுல வுழல மாஸ்டர்" என்று மட்டும் அவர் சொன்னதாகப் பிறகு வீட்டில் பேசிக்கொண்டார்கள். காது கேட்காதவர் இனி தாளம் போட வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சித்தியும் அதோடு போகவில்லை. ஒரு பாட்டு பாடினாள், அவ்வளவுதான்.

டவுன்ஷிப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா, தம்பி விளையாட்டுக்குச் செய்துவிட்டான் என்றார். சிலர் அன்று அவர் குடித்திருந்தார் என்றார்கள். அவர் குடிப்பதே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பல வருடம் கழித்து இணையத்தில் அந்த மேட்ச்சின் ஸ்கோரைத் தேடிப் பார்த்தேன். தோல்வி என்றுதான் இருந்தது. இருந்தும் என் மனதில் அது ஜெயித்த மேட்ச்தான். சித்தி பாடிய அந்த நேரம் முழுக்க நாங்கள் ஜெயித்திருந்தோமே, அதை என்ன செய்வது?

இப்போது சித்தப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டியிருக்கிறார். நானும் அங்கேதான், பக்கத்துத் தெரு. காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார்; பாதி நேரம் மாட்டுவதில்லை. சமீபத்தில் டவுன்ஷிப்பில் பெரிய கச்சேரி ஒன்று நடந்தது. அவரை நான்தான் அழைத்துப் போனேன். சித்தி முட்டிவலி என்று வரவில்லை. மேடையைவிட உயரமான திரைகள், நெஞ்சுக்குள் இடிக்கிற ஸ்பீக்கர்கள். அன்றும் மேட்ச் இருந்தது. என் முன்னால் இருந்த பையன் போனில் பாட்டைப் பதிவு செய்துகொண்டே மூலையில் ஸ்கோரும் பார்த்தான். நடுவில் பாடகி, "இந்தியா வின் பண்ணிட்டாங்க!" என்று அறிவித்தபோது லேசாக ஒரு சிரிப்புதான் எழுந்தது. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சித்தப்பா தானாகவே பேசினார். "அன்னிக்கு நான் சொன்னது பொய்யி, தெரியுமா?"

எனக்கு எதைச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

"காது கேக்கலன்னு சொன்னீங்களே சித்தப்பா?"

"நல்லாக் கேட்டுது. ரெண்டு விக்கெட்டுதான் கையில, தோக்கத்தான் போறோம்னு தெரியும். உன் சித்தி பாட்ட மாஸ்டர் தூக்கிட்டாரு. அவ மொகத்த என்னால பாக்க முடியல."

"இதைச் சித்திகிட்ட சொன்னதே இல்லையா?"

"எப்புடிச் சொல்லுவேன்? ஜனமெல்லாம் அவ குரலுக்காகத்தான் உக்காந்துக்கினு இருந்துதுன்னு நெனச்சிக்கினு இருக்கா. நான் பொய் சொல்லி உக்கார வெச்சேன்னு சொன்னா அந்தப் பாட்டு என்னாவறது?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. அந்தக் காலத்திலேயே பிளாக் மேட்ச் ஒன்றில், எதிரே நின்றவர் "வேணாம், வேணாம்" என்று கத்தியும் கேட்காமல் ஓடிப்போய் சித்தப்பா ரன் அவுட் ஆனது எனக்கு நினைவிருக்கிறது. அது அந்தப் பொங்கலுக்கு முன்பா, பின்பா? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. வயதான காலத்தில், செவிடு என்பதைவிடப் பொய்யன் என்பது கௌரவமாகப் பட்டுவிட்டதோ?

அடுத்த நாள் சித்தியிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"பொய்யின்னு அவரா சொன்னாரு?"

"ஆமாம் சித்தி."

"கேக்கலன்னு மாஸ்டர்கிட்ட என் எதுருலதான் சொன்னாரு. நானும் நம்பிட்டேன். வூட்ல கூப்புட்டாத் திரும்ப மாட்டாரு, டி.வி.ய அலறவுடுவாரு. பெல்ட்டு சத்தத்துல காது போய்டுச்சின்னு நெனச்சிக்கினேன்."

"அதுக்காகவா பாடறதை விட்டீங்க?"

"பின்ன? காது கேக்காத மனுசன வூட்ல குந்த வெச்சிட்டு, நான் மட்டும் மேடையில பாடிக்கினு நிப்பேனா? மாஸ்டர் ஆள் மேல ஆள் அனுப்பினாரு. வரமாட்டேன்னுட்டேன்." மீனை மறுபடி கழுவினாள். கழுவிய மீனையே கழுவினாள். "பொய்யின்னு சொல்லியிருந்தா நல்லா நாலு திட்டு திட்டிட்டு, அடுத்த வாரமே போயிப் பாடியிருப்பேன்டி."

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சித்தப்பா டி.வி.யில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுதா, கேக்கலியா?"

அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள்.

"என்னா?" என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியாத ஒரு முகம். நேரே போய் டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நவுரும்மா, கடைசி ஓவரு."

அவள் நகரவில்லை. பாட ஆரம்பித்தாள். அந்தப் பாட்டு அல்ல. நான் கேட்டறியாத வேறு ஏதோ பாட்டு. எப்போது கற்றாளோ, யாருக்காக வைத்திருந்தாளோ. குரல் கரகரத்தது, மேலே ஏறும் இடத்தில் உடைந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் டி.வி.யில் கூட்டம் ஆர்ப்பரித்தது. சித்தப்பா எட்டிப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் வார்த்தை மறந்து அவள் நிறுத்தினாள்.

"ம், பாடு," என்றார் சித்தப்பா.

பாட்டு நின்றது அவர் காதுக்குத் தெரிந்ததா, உதடு நின்றதைக் கண்ணால் பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை.