கல்லில் விழும் சத்தம்

இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுக்கையில் விழுந்தபின், அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்தோம். வீட்டின் பின்பக்கம் ஒரு துவைக்கிற கல் இருந்தது. எங்களிடம் வாஷிங் மிஷின் இருந்ததால் அந்தக் கல்லின்மேல் பூந்தொட்டியை வைத்திருந்தோம். அம்மா வந்த மறுநாளே தொட்டியை இறக்கிவிட்டேன். அவளுக்கு அடியில் விரிக்கிற துணிகளை அப்படியே மிஷினில் போட முடியாது. உடம்பைத் துடைத்து உடை மாற்றுவது மனைவி. துவைப்பது என் பங்கு.

ஊரில் அம்மா துவைத்தால் சட்டைப் பொத்தான் தெறிக்கும். நான் அடித்தால் அழுக்குத் தண்ணீர் என் முகத்தில்தான் தெறித்தது. சுடுதண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, கல்லில் அடித்து, அலசிப் பிழிந்து நிமிர்வதற்குள் முதுகு கழன்றுவிடும். கல்லுக்கு நேர் எதிரே அம்மா படுத்திருந்த அறையின் ஜன்னல். மடையன், அதை நான் யோசிக்கவே இல்லை.

நாலைந்து நாளில் அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். டம்ளரை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டியும் பார்த்தேன். கடைசியில் என் மனைவியிடம்தான் வாய் திறந்திருக்கிறாள்.

"எம்பட மூத்திரத் துணியப் பையன் கல்லுல அடிக்கற சத்தம் கேட்டா உசுரே போகுது அம்மிணி. குடிச்சாத்தான அது?"

அன்றிலிருந்து கல் பக்கமே போகவில்லை. வாளிக்குள்ளேயே சத்தமில்லாமல் கசக்கினேன்.

"இப்பெல்லாம் மிஷின்லதானுங்கம்மா போடறோம். நானெங்க தொவைக்கறேன்?" என்றேன்.

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளருக்கு வாயைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நன்றாகக் குடித்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், துணியை அலசிக் காயப்போட்டுவிட்டுத் தண்ணீரோடு அவளிடம் போனேன்.

"தொவைச்சாச்சா சாமி?"

"மிஷின்ல ஓடீட்டு இருக்குதுங்கம்மா."

அம்மா மேலே பார்த்தாள். மின்விசிறி நின்றிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்தியிருக்கிறார்கள். பின்பக்கம் குனிந்து கிடந்த எனக்கு அது தெரியவில்லை.

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சே சாமி" என்றாள்.

டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். விசிறி இல்லாமல் அவள் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"தாகமே இல்ல சாமி" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.